கையை விட்டாலும் பறக்கும்!

போடிநாயக்கனூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? ஏலக்காய். சரி. ஏலக்காயையே ஏலம் போடுகிற ஊர். அதுவும் சரி. வானத்தில் தேயிலைப் பெட்டிகள் பறந்த ஊர் என்று சொன்னால்?

'என்ன சார், ரீல் சுத்துறீங்க?' என்று கேட்காதீர்கள். நிஜமாகவே பறந்தன. சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்தில் மூணாறில் விளைந்த தேயிலை சீமைக்குப் போக வேண்டும் என்றால், முதலில் அது மலையை விட்டு இறங்க வேண்டும். 1902-ல் வெள்ளைக்காரத் துரைமார்கள் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு விசித்திர வண்டியை ஓடவிட்டார்கள். ஒற்றைத் தண்டவாளம். பாரம் முழுக்க அதன்மேல். விழாமல் இருப்பதற்கு முட்டுக்கொடுத்த மாதிரி பக்கத்து மண் சாலையில் உருளும் ஒரு சக்கரம். இழுப்பதற்கு மாடுகள்! 1908-ல் அதை எடுத்துவிட்டு நிஜமான குட்டி ரயிலே வந்தது. அந்த ரயில் 'டாப் ஸ்டேஷன்' வரை வரும். அதற்கப்புறம் செங்குத்துச் சரிவு. பெட்டிகளைக் கம்பியில் மாட்டி, அந்தரத்தில் ஐந்து கிலோமீட்டர் கீழே இறக்கினார்கள். வந்து சேரும் இடம் நம்ம குரங்கணிக்குப் பக்கத்தில் கொட்டகுடி. மேலே 'டாப்' என்றால் கீழே இருப்பது? 'பாட்டம் ஸ்டேஷன்'! பெயர் வைப்பதில் துரைமார்கள் ரொம்ப மெனக்கெடவில்லை. அங்கிருந்து மாட்டு வண்டி, போடி, பிறகு தூத்துக்குடித் துறைமுகம், லண்டன்.

1924 ஜூலையில் கேரளாவைப் புரட்டிப்போட்ட வெள்ளம் (கொல்லம் ஆண்டு 1099 என்பதால் அங்கே இன்றைக்கும் 'தொண்ணூற்றொன்பதில் வெள்ளப்பொக்கம்' என்பார்கள்) அந்த ரயிலைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போனது. பிறகு சாலைகள், லாரிகள். கம்பியும் காலப்போக்கில் ஓய்ந்தது.

இந்தக் கதையில் நமக்கு வேண்டியது ஒரே ஒரு சங்கதி. அந்தரத்தில் வந்த அந்தப் பெட்டிக்கு டிரைவர் கிடையாது. வழிகாட்ட ஒரு கம்பி மட்டும் இருந்தது. சரி, கம்பியும் இல்லை, டிரைவரும் இல்லை. ஆனாலும் ஒரு பெட்டி அதே சரிவில் தானாக ஏறி, சொன்ன இடத்தில் இறங்கி, சமர்த்தாக வீடு திரும்ப வேண்டும். முடியுமா?

முடியும். கடையில் கிடைக்கிற ரிமோட் ஹெலிகாப்டர் ஒன்று போதும். ரிமோட்டைப் பிடிக்கும் கைக்குப் பதிலாக அதன் வயிற்றில் தீப்பெட்டி அளவு சர்க்யூட் போர்டு ஒன்றை ஒட்ட வேண்டும். அந்தப் போர்டுக்குள் ஒரு மூளையை ஏற்ற வேண்டும். மூளை என்றால் சாஃப்ட்வேர். 'ஃபர்ம்வேர்' என்பது தொழில்காரர்கள் வைத்த பெயர். போர்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். மூளைக்கு? பைசா செலவில்லை. இலவசம் மட்டுமா, அதை எப்படி எழுதினார்கள் என்பதைக்கூட வரிக்கு வரி நீங்கள் படித்துப் பார்க்கலாம், மாற்றலாம்!

இந்த மூளை எப்படி ஓசியில் கிடைத்தது என்பது நூறு வருஷத்துக் கதை.

1914 ஜூன் 18. பாரிஸுக்குப் பக்கத்தில் பெஸான் என்கிற இடம். சேன் நதிக்கரையில் கூட்டமான கூட்டம். விமானப் பாதுகாப்புக்கு யார் புதிதாக என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று ஒரு போட்டி. லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற 21 வயது அமெரிக்க வாலிபர் ஒரு கர்ட்டிஸ் விமானத்தில் நதிக்கு மேலே வருகிறார். நடுவர்களுக்கு நேராக வந்ததும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்குகிறார். கூட்டம் அலறுகிறது. விமானமோ நேராகப் போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டாவது சுற்றில் கூடவந்த மெக்கானிக் எமில் காஷின் எழுந்து இறக்கை மேல் நடக்கிறார். ஒரு பக்கம் பாரம் கூடினால் விமானம் சாய வேண்டுமே? சாயவில்லை. கடைசிச் சுற்று இன்னும் மோசம். ஆளுக்கொரு இறக்கையில் நிற்கிறார்கள், ஓட்டுகிற ஸீட் காலி!

ரகசியம் என்ன? பம்பரம். வேகமாகச் சுற்றுகிற பம்பரம் நிமிர்ந்தே நிற்கும் என்பது நம் தெருப் பையன்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். அந்தப் பம்பரத்துக்கு மரியாதையான பெயர் 'ஜைரோஸ்கோப்'. லாரன்ஸின் அப்பா எல்மர் ஸ்பெர்ரி அதைக் கப்பல்களில் மாட்டிக் காசு பார்த்தவர். பையன் அதை விமானத்தில் மாட்டினான். பம்பரம் நிமிர்ந்து நிற்கிறது, விமானம் சாய்கிறது, இரண்டுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்து இறக்கையைத் திருத்து. ஆட்டோபைலட்டின் அடிப்படை இன்றைக்கும் இதுதான். (பாவம், லாரன்ஸ் 1923 டிசம்பரில் இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டும்போது கடலில் விழுந்து இறந்துபோனார்.)

விமானம் சாதுவான பிராணி. கையை விட்டால்கூடக் கொஞ்ச நேரம் மிதக்கும். ஹெலிகாப்டர் அப்படியில்லை. விளக்குமாற்றைத் தலைகீழாக உள்ளங்கையில் நிறுத்தி விளையாடியிருப்பீர்களே, அதுதான் ஹெலிகாப்டர். ஒரு விநாடி அசந்தால் போச்சு! மேலே விசிறி ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுக்க வாலில் ஒரு குட்டி விசிறி. மேலே ஏறுவதற்காகப் பெரிய விசிறியின் இதழ்களைக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்தால், வால் விசிறியும் கூடுதலாக உழைக்க வேண்டும். வால் தள்ளினால் மொத்த ஹெலிகாப்டரும் பக்கவாட்டில் நகரும். அதைச் சரிக்கட்ட இன்னொரு பக்கம் சாய்க்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் நாலு ஆடும்.

இந்த அடங்காப்பிடாரியை முதலில் கொஞ்சம் அடக்கியவர்களில் முக்கியமானவர் ஆர்தர் யங். அமெரிக்கர். தத்துவம் பேசுகிற ஆசாமி. வருஷக்கணக்காகப் பொம்மை ஹெலிகாப்டர்களைச் செய்து, உடைத்து, மறுபடி செய்து, விசிறிக்குக் குறுக்கே எடைகட்டிய ஒரு கம்பியைப் பொருத்தினால் ஆட்டம் குறைகிறது என்று கண்டுபிடித்தார். 1941-ல் பெல் கம்பெனி அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே பிறந்த பெல் 47 தான் 1946 மார்ச்சில் அமெரிக்காவில் பொதுமக்கள் உபயோகத்துக்கு அனுமதி வாங்கிய முதல் ஹெலிகாப்டர். பொம்மையிலிருந்து நிஜம் வந்தது. அப்புறம் நிஜத்திலிருந்து பொம்மை வந்தது. ஜெர்மனியில் டீட்டர் ஷ்லூட்டர் என்ற என்ஜினீயர் அதே மாதிரி கம்பியை வைத்து ரிமோட் ஹெலிகாப்டர் செய்து, 1970-ல் பதினொரு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் காட்டினார். ஜப்பானில் யமஹா கம்பெனி (ஆமாம், பைக் யமஹாதான்) எண்பதுகளின் கடைசியிலேயே நெல் வயலுக்கு மருந்தடிக்க ஆளில்லாத ஹெலிகாப்டரை விற்க ஆரம்பித்துவிட்டது. விலைதான் சாமானியர்கள் தொடமுடியாத உயரம். உள்ளே இருக்கிற மூளை கம்பெனி ரகசியம்.

ரகசியம் உடைந்த கதைக்கு வருவோம். அதற்கு 1983 செப்டம்பருக்குப் போக வேண்டும். கபில்தேவ் கோப்பை வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத நேரம்.

செப்டம்பர் 1. நியூயார்க்கிலிருந்து அலாஸ்கா வழியாக சியோல் போகிற கொரியன் ஏர்லைன்ஸ் 007 விமானம். அலாஸ்காவில் கிளம்பியதும் ஆட்டோபைலட்டைப் போட்டார்கள். எந்த நிலையில் போட்டார்கள் என்பதில்தான் தலையெழுத்தே மாறிவிட்டது. குறித்த பாதையைப் பிடித்துக்கொண்டு போகும் நிலைக்கு அது மாறவேயில்லை. காம்பஸ் காட்டிய ஒரே திசையில் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக விலகி, சோவியத் எல்லைக்குள் நுழைந்துவிட்டது. சோவியத் போர் விமானம் சுட்டது. 269 பேரும் காலி. ஸ்பெர்ரி கையைத் தூக்கினபோது கூட்டம் ஏன் அலறியது என்று இப்போது புரிகிறதா? கையை விடுவது பெரிசில்லை. யாரை நம்பி விடுகிறோம் என்பது இருக்கிறதே...

அதே மாதம் 16-ம் தேதி அதிபர் ரீகனின் வெள்ளை மாளிகை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ராணுவத்துக்காக உருவாகிக்கொண்டிருந்த ஜி.பி.எஸ்., தயாரானதும் உலகத்து விமானங்கள் எல்லாம் இலவசமாகப் பயன்படுத்தலாம்! சொன்னபடி கொடுத்தார்கள். ஆனால், ஒரு குசும்பு. வேண்டுமென்றே அதில் பிழையைக் கலந்து கொடுத்தார்கள். நூறு மீட்டர் வரை தப்பு காட்டும். 2000-ம் ஆண்டு மே மாதம் அதிபர் கிளிண்டன் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார். ஒரே ராத்திரியில் உலகம் முழுக்க ஜி.பி.எஸ். கருவிகளெல்லாம் புத்திசாலிகளாயின.

அதே 1983 செப்டம்பர், 27-ம் தேதி. அமெரிக்க எம்.ஐ.டி.யில் (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அதற்கு அப்புறம் வருவோம்) ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற தாடிக்காரர் ஓர் அறிக்கை விட்டார். பரிசோதனைச் சாலைக்குப் புதிதாக வந்த பிரின்ட்டரின் சாஃப்ட்வேரைத் திருத்தலாம் என்று கேட்டால், 'அது ரகசியம்' என்று கைவிரித்துவிட்டார்கள். அந்தக் கடுப்பு அவருக்கு ஆறவேயில்லை. எல்லோரும் படிக்க, மாற்ற, பகிர்ந்துகொள்ளக்கூடிய சாஃப்ட்வேரை எழுதப்போகிறேன் என்று கிளம்பினார். 1989-ல் அதற்கு ஒரு சட்டமே எழுதினார். ஜி.பி.எல். என்று பெயர். இந்த சாஃப்ட்வேரை எடுத்துக்கொள், மாற்று, விற்கக்கூடச் செய். ஆனால், வாங்குகிறவனுக்கு நீ மாற்றியதையும் திறந்து காட்டியாக வேண்டும். ரகசியமாக வைத்துக்கொள்ளக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

ஒரே மாதத்தில் இரண்டு விதை. முளைத்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள 24 வருஷம் ஆனது.

நடுவில் காருக்குள் ஒரு விஷயம் நடந்தது. விபத்தில் கார் மோதினால் பலூன் மாதிரி காற்றுப்பை விரியும் இல்லையா? மோதலை உணர ஒரு கருவி வேண்டும். தொண்ணூறுகளில் அதை சிலிக்கான் சில்லுக்குள் அடைத்தார்கள். கோடிக்கணக்கில் செய்ததும் விலை சரிந்தது. 2006 கடைசியில் நின்டெண்டோ கம்பெனி அதே மாதிரி சில்லை வைத்து 'வீ' என்கிற வீடியோ கேமை விட்டது. கையில் பிடித்து ஆட்டினால் டி.வி.யில் டென்னிஸ் மட்டை ஆடும். ஸ்பெர்ரியின் பம்பரம் செய்த வேலையை இப்போது சுண்டைக்காய் அளவு சில்லுகள் செய்யும் என்கிற நிலை!

2007. கலிஃபோர்னியா. மெக்ஸிகோவின் டிஹுவானாவில் வளர்ந்த ஜோர்டி மூன்யோஸ், இருபது வயசுப் பையன். மனைவியோடு அமெரிக்கா வந்துவிட்டான். கிரீன் கார்டு வரும்வரை வேலைக்கும் போக முடியாது, காலேஜுக்கும் போக முடியாது. என்ன செய்வான்? வீட்டில் ஒரு பொம்மை ஹெலிகாப்டர் இருந்தது. வீ விளையாட்டுக் கருவி இருந்தது. கருவியைப் பிரித்து, உள்ளிருந்த சில்லைப் பிடுங்கி, ஆர்டுயினோ என்கிற மலிவு விலைப் போர்டில் இணைத்து, ஹெலிகாப்டரில் மாட்டினான். கையை விட்டான். ஆடாமல் நின்றது!

'வயர்ட்' பத்திரிகையின் ஆசிரியர் கிறிஸ் ஆண்டர்சன் அப்போது தன் பிள்ளைகளோடு லெகோ பொம்மையை வைத்து ஆட்டோபைலட் செய்ய முடியுமா என்று முட்டி மோதிக்கொண்டிருந்தார். பையனின் கைவேலை கண்ணில் பட்டது. நேரில் பார்த்ததுகூட இல்லை, 500 டாலருக்குச் செக் அனுப்பினார். 2009-ல் இரண்டு பேரும் சேர்ந்து 'த்ரீடி ரோபாடிக்ஸ்' கம்பெனி ஆரம்பித்தார்கள். அவர்களுடைய ஆட்டோபைலட்டுக்குப் பெயர் 'ஆர்டுபைலட்'. போர்டின் படமும் திறந்த புத்தகம், சாஃப்ட்வேரும் திறந்த புத்தகம்.

பெயரில் ஒரு குட்டி சுவாரஸ்யம். ஆர்டுயினோ போர்டு பிறந்தது 2005-ல், இத்தாலியின் இவ்ரேயா நகரில். அதைச் செய்த வாத்தியார்கள் வழக்கமாகப் போகும் மதுக்கடையின் பெயரைத்தான் வைத்தார்கள். மதுக்கடைக்கு அந்தப் பெயர் 1002-ல் இத்தாலிக்கு ராஜாவான ஆர்டுயின் என்பவரிடமிருந்து வந்தது. அதாவது, நம் ராஜராஜ சோழன் தஞ்சாவூரில் இருந்த அதே காலம்! ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ராஜா ஒருத்தர் ஹெலிகாப்டர் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

ஆர்டுபைலட் வெளியே வந்ததும் உலகெங்கிலுமிருந்து ஆட்கள் சேர்ந்தார்கள். சம்பளம் இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். விண்டோஸும் லினக்ஸும் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ள உதவும் 'சாம்பா'வை எழுதிய ஜாம்பவான். ஜப்பானிலிருந்து ராண்டி மெக்கே. ஒற்றை விசிறி ஹெலிகாப்டருக்கான பகுதியில் அவர் கைவண்ணம் அதிகம். ஸூரிக் நகரத்து மாணவர்கள் லோரன்ஸ் மையர் தலைமையில் 'பிக்ஸ்ஹாக்' என்ற போர்டைச் செய்தார்கள். 2013 வாக்கில் அது சந்தைக்கு வந்தது. பிறகு யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்துச் செய்யலாம் என்பதால் சீனாவிலிருந்து மலிவுப் பதிப்புகள் குவிந்தன. 3டி ரோபாடிக்ஸே அந்தப் போட்டியில் தாக்குப்பிடிக்க முடியாமல் 2016-ல் ட்ரோன் தயாரிப்பைக் கைவிட்டது. கம்பெனி தோற்றது. சாஃப்ட்வேர் பிழைத்துக்கொண்டது. இதுதான் ஸ்டால்மன் எழுதின சட்டத்தின் மகிமை. முதலாளி கடையைச் சாத்தினாலும் சரக்கு தெருவில் இருக்கும்.

சரி, இதை எப்படித்தான் ஏற்றுவது? போடியில் ஒரு மொட்டைமாடியில் நீங்களே உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் காரியம், விசிறியின் இதழ்களைக் கழற்றித் தூர வையுங்கள். மாடியில் சும்மா சோதிக்கும்போது தவறிப்போய் மோட்டார் கிளம்பிவிட்டால், அந்த இதழ் விரலைத் துண்டாக்கும். விளையாட்டில்லை. அப்புறம் போர்டைக் கம்ப்யூட்டரில் இணைத்து 'மிஷன் பிளானர்' என்ற இன்னொரு இலவச சாஃப்ட்வேரைத் திறங்கள். கார், படகு, விமானம், நாலு விசிறி ட்ரோன் என்று வரிசையாகப் படங்கள் இருக்கும். அதில் ஹெலிகாப்டர் படத்தைத் தட்ட வேண்டும். அவசரத்தில் நாலு விசிறியைத் தட்டினால் ஹெலிகாப்டரின் கை கால்களை எல்லாம் மோட்டார் என்று நினைத்துக்கொண்டு அது கட்டளை போடும். ஒரு நிமிஷத்தில் மூளை ஏறிவிடும்.

ஏறிய மூளைக்கு உலகம் தெரியாது. மேல் எது, கீழ் எது, வடக்கு எங்கே, எல்லாம் சொல்லித்தர வேண்டும். போர்டை நேராக வை, இடப்பக்கம் சாய், வலப்பக்கம் சாய், மூக்கைக் கவிழ், மூக்கைத் தூக்கு, மல்லாக்கப் போடு என்று ஆறு நிலை. பேரப்பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிற பாட்டி மாதிரி திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும்! அடுத்து காம்பஸ். இதில் நம் ஊருக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவை ஒட்டிப் போகிறது. மலைக்கு அந்தப் பக்கம் தும்பாவை ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். 1963 நவம்பரில் அங்கிருந்து முதல் ராக்கெட் போனது. கனடா மாதிரி வடக்கு தேசங்களில் காந்த முள் தரையைக் குத்துகிற மாதிரி சாயும். நம் பக்கம் கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். திசை பளிச்சென்று தெரியும்.

பிறகுதான் ஹெலிகாப்டருக்கே உரிய ரோதனை. விசிறிக்கு அடியில் ஒரு தட்டு இருக்கும். மூன்று குட்டி மோட்டார்கள் அதைத் தாங்கிப் பிடிக்கும். மூன்றும் சேர்ந்து தூக்கினால் ஹெலிகாப்டர் மேலே போகும். ஒன்று தூக்கி ஒன்று இறக்கினால் சாயும். இதழ் எத்தனை டிகிரி வரை திரும்பலாம் என்று அளவு வைத்துப் பார்த்து, மேல் எல்லை, கீழ் எல்லை, நடு எல்லாவற்றையும் நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். வால் எந்தப் பக்கம் உதைக்கிறது என்பதை ஒன்றுக்கு மூன்று தரம் பாருங்கள். அது தலைகீழாக இருந்தால், தடுக்க வேண்டிய சுழற்சியை மூளையே தள்ளிவிடும். அப்புறம் தரையில் கரகாட்டம்தான்.

பறக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது தெரியுமா? பஞ்சாயத்து! 'நாம வடக்கே போறோம்' என்கிறது ஜி.பி.எஸ். 'இல்லே, சும்மா நிக்கிறோம்' என்கிறது அசைவுச் சில்லு. காற்றழுத்தத்தை வைத்து உயரம் பார்க்கும் கருவி வேறு ஏதோ சொல்கிறது. எல்லோரும் கொஞ்சம் பொய் சொல்பவர்கள். யாரை எவ்வளவு நம்புவது என்று தீர்ப்புச் சொல்ல ஒரு நாட்டாமை இருக்கிறார். அவர் பெயர் கால்மன் ஃபில்ட்டர். ருடால்ஃப் கால்மன் என்ற கணித மேதை 1960-ல் எழுதிய சூத்திரம். நிலாவுக்குப் போன அப்போலோவுக்கு வழி சொன்ன அதே நாட்டாமைதான் இப்போது உங்கள் மொட்டைமாடியில்.

போடிக்காரர்களுக்கு ஒரு விசேஷச் சிக்கல் உண்டு. இந்த மூளை உயரத்தைக் கிளம்பிய இடத்திலிருந்து கணக்குப் பண்ணும். 'நூறு மீட்டர் உயரத்தில் போ' என்று சமவெளியில் சொன்னால் சரி. கொட்டகுடியிலிருந்து டாப் ஸ்டேஷன் பக்கம் திருப்பிவிட்டு அதையே சொன்னால்? ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் எழும்பி நிற்கிற மலையில் நேராகப் போய் முட்டும். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் பதினொரு நாள் சுற்றி, பூமியின் மேடு பள்ளங்களை ரேடாரால் அளந்தது. அந்தக் கணக்கையும் நாசா இலவசமாகக் கொடுத்துவிட்டது. குரங்கணி மலையின் ஏற்ற இறக்கமும் அதில் இருக்கிறது. அதைப் போர்டில் ஏற்றிக்கொண்டால் தரையை ஒட்டினாற்போல மலை ஏறும். ஆனால், அந்தக் கணக்கு கட்டம் கட்டமாக எடுத்தது. திடீர்ப் பாறையும் ஒற்றை மரமும் அதற்குத் தெரியாது.

இதெல்லாம் சும்மா பொழுதுபோக்கா என்று கேட்டால், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2007-லிருந்து ஒரு போட்டி நடந்து வந்தது. காட்டில் 'ஜோ' என்ற ஆசாமி (பொம்மைதான்) வழிதவறித் தாகத்தில் கிடக்கிறான். ஆளில்லா விமானத்தால் தேடிக் கண்டுபிடித்து, தண்ணீர் போட வேண்டும். வருஷக்கணக்காக யாராலும் முடிக்க முடியவில்லை. 2014-ல்தான் ஜோவுக்குத் தண்ணீர் கிடைத்தது. முதலிடம், ட்ரிட்ஜெல்லின் கான்பெர்ரா குழு. ஓட்டியது ஆர்டுபைலட். அப்புறம் பரீட்சையைக் கடினமாக்கினார்கள். ஜோவுக்கு உடம்பு சரியில்லை, அருகில் இறங்கி ரத்த மாதிரியை வாங்கி வா! 2018 செப்டம்பரில் நடந்த போட்டியில் இரண்டாம் இடம் வந்தது யார் தெரியுமா? குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் 'தக்ஷா' குழு. அப்துல் கலாம் படித்த அதே கல்லூரி. ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித் குமார். சின்ன வயதிலிருந்தே ரிமோட் விமானப் பைத்தியம் பிடித்தவர்.

அந்த வருஷத்தைக் கவனியுங்கள். 2018. அதற்கு ஆறு மாதம் முன்னால், மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. குரங்கணி.

கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைக் காட்டுத் தீ சுற்றி வளைத்தது. சாயங்காலம். சென்னை, ஈரோடு, திருப்பூரிலிருந்து வந்த இளம் பெண்கள், ஆண்கள். இருட்டிவிட்டது. எந்தப் பாறைச் சந்தில் யார் விழுந்து கிடக்கிறார்கள் என்று தெரியாது. ஊர்க்காரர்களும் வனத்துறையினரும் தீயணைப்புப் படையும் டார்ச் லைட்டோடு ஏறினார்கள். காயப்பட்டவர்களை டோலி கட்டித் தூக்கி வந்தவர்கள் மலைவாசிகள். விடிந்ததும் விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்து கமாண்டோக்களை இறக்கின. அன்றும் அடுத்து வந்த வாரங்களிலுமாக இருபது பேருக்கும் மேல் போய்விட்டார்கள்.

ஒரு குட்டி ஹெலிகாப்டர் இருந்திருந்தால் அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அது அபத்தம். இரண்டு கிலோ தூக்குகிற சாமான் மனிதர்களைத் தூக்காது. தீயின் மேல் எழும்புகிற காற்றில் அதுவே நிற்குமா என்பது சந்தேகம். ஆனால், வெப்பத்தைப் பார்க்கும் காமிராவோடு ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தச் சரிவின் மேல் ஒன்று சுற்றியிருந்தால், தீ எந்தப் பக்கம் நகர்கிறது, எந்தப் பக்கமாக ஏறலாம் என்பதையாவது கீழே நின்றவர்களுக்குச் சொல்லியிருக்கும். குயின்ஸ்லாந்தில் பொம்மை மனிதனுக்கு அதற்கு நாலு வருஷம் முன்பே கிடைத்த உதவி அது.

இங்கே ஏன் கிடைக்கவில்லை? தொழில்நுட்பம் மட்டும் காரணமில்லை. 2014 அக்டோபரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தனியார் ட்ரோன்களுக்கு மொத்தமாகத் தடை போட்டது. சட்டதிட்டம் வந்து கதவு லேசாகத் திறந்தது 2018 டிசம்பர் 1-ல். குரங்கணிக்கு ஒன்பது மாதம் கழித்து! 2021 ஆகஸ்ட்டில் வந்த ட்ரோன் விதிகள்தான் உண்மையில் மூச்சுவிட இடம் கொடுத்தன. பச்சை மண்டலத்தில் தரையிலிருந்து 400 அடி வரை தனி அனுமதி வேண்டாம். காட்டுக்குள் பறக்க வேண்டும் என்றால் வனத்துறையைக் கேட்டாக வேண்டும். கேட்கத்தான் வேண்டும், யானைக்கும் காட்டெருமைக்கும் அந்த இரைச்சல் ஆகாது.

தடை போட்ட அதிகாரிகளையும் முழுக்கத் திட்ட முடியாது. 2021 ஏப்ரல் 19-ல் செவ்வாய் கிரகத்தில் 'இன்ஜெனுயிட்டி' என்ற குட்டி ஹெலிகாப்டர் எழும்பியது. இன்னொரு கிரகத்தில் மனிதன் பறக்கவிட்ட முதல் ஹெலிகாப்டர். அதன் மூளையும் லினக்ஸ் மேல் ஓடிய, நாசா எல்லோருக்கும் திறந்துவிட்ட சாஃப்ட்வேர்தான். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. 2025 ஜூன் 1-ல் உக்ரைன், லாரிகளில் ஒளித்துக் கொண்டுபோன ட்ரோன்களை ரஷ்யாவின் உள்ளே பறக்கவிட்டு, குண்டுவீச்சு விமானங்களைக் கொளுத்தியது. வெளியான வீடியோக்களில் ஆர்டுபைலட்டின் அடையாளம் தெரிந்தது. கிரீன் கார்டுக்குக் காத்திருந்த பையன் வீடியோ கேமைப் பிரித்தபோது இதை நினைத்திருப்பானா? 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்' என்றால் யார் வேண்டுமானாலும்தான். ஸ்டால்மனின் சட்டம் எடுத்ததைத் திறந்து காட்டச் சொல்கிறது. எதற்கு எடுத்தாய் என்று கேட்பதில்லை.

போடிக்கு வருவோம். தோட்டத்துக்கு மருந்தடிக்க ட்ரோன் என்று இப்போது ஊரெல்லாம் பேச்சு. நெல்லுக்குச் சரி. ஏலச்செடி நிழல் விரும்பி. பெரிய மரங்களுக்கு அடியில் குளுகுளுவென்று வளர்வது. மேலேயிருந்து மருந்தடித்தால் மரத்தின் தலையில் அபிஷேகம் ஆகும், செடிக்குத் துளி வராது. மரத்துக்கு அடியில் பறக்கலாமே என்றால், இலைக்கூட்டத்துக்குள் ஜி.பி.எஸ். திணறும். தினமும் விடியற்காலையில் போடியிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறுகிற பெண்களின் வேலையை இந்த யந்திரம் நாளைக்கே பிடுங்கிவிடாது. ஆனால், சாலை அடைபட்ட மழைநாளில் மேலே ஒரு எஸ்டேட்டுக்கு மருந்து மாத்திரையோ பாம்புக்கடி ஊசியோ கொண்டுபோய்ச் சேர்க்கலாம். தேயிலைப் பெட்டி இறங்கிய அதே சரிவில், எதிர்த்திசையில்.

அப்படி யாராவது கிளப்புவதாக இருந்தால் ஒரு வார்த்தை. ரிமோட்டின் சிக்னல் அறுந்தால் இந்த மூளை பதறாது. ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு எழும்பி, கிளம்பிய இடத்துக்கு நேர்கோட்டில் திரும்பிவரும். அந்த உயரம் எவ்வளவு என்று நீங்கள் எழுதிக்கொடுக்காவிட்டால் அதுவாக 15 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளும்படிதான் வெகுகாலமாக வைத்திருக்கிறார்கள். ஏலத்தோட்டத்து நிழல் மரங்களில் பல அதற்கும் மேலே தலை தூக்கி நிற்பவை. இதழ்களைத் திரும்ப மாட்டுவதற்கு முன்னால் அந்த எண்ணை மாற்றிவிடுங்கள்.